பெயர் தெரியாத காமி அடித்த குக்ரி: நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி · 4 பிப்ரவரி

காத்மாண்டு அசன் சந்தையில் பாத்திரக்கடை ஒன்றில் வாங்கிய குக்ரி (நேபாள வளைகத்தி). முத்திரை இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை. போஜ்பூர்ப் பக்கம் ஒரு காமி (நேபாளக் கொல்லர்) அடித்தது என்று மட்டும் கடைக்காரர் சொன்னார். மொத்த நீளம் 39 செ.மீ., அதில் அலகு 27. எருமைக்கொம்புப் பிடி, பித்தளைப் பூண். உறையில் சின்னக் கத்திகள் இரண்டு உண்டு. தோட்டத்தில் கிளை வெட்டவும் விறகு பிளக்கவும் வேண்டும். வேலைக்கு ஆகுமா, சுவரில் மாட்டத்தான் ஆகுமா? யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

4 பிப்ரவரி, இரவு

யார் செய்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. அதை விட்டுவிடுங்கள். முத்திரை இல்லாததைக் குறையாக எடுக்கவும் வேண்டாம்.

நேபாள மலைக் கிராமங்களில் காமிக்கும் குடும்பங்களுக்கும் இடையே பாலி கரே என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அறுவடைக்கு அறுவடை தானியம் கொடுப்பார்கள். பதிலுக்கு அந்த வீட்டு அரிவாள், மண்வெட்டி, குக்ரி எல்லாவற்றையும் அவர் அடித்துக் கொடுத்து, தேய்ந்தால் திரும்பத் தோய்ச்சல் (காய்ச்சித் தண்ணீர் காட்டி இறுக்குவது) போட்டுக் கொடுப்பார். கத்தி எப்போதும் அதே ஆரனுக்குத்தான் திரும்பி வரும் (அவர்கள் பட்டறையை ஆரன் என்பார்கள்). ஊருக்கே தெரிந்த கையில் பெயர் எதற்கு? அதோடு 1963 வரை சட்டமே காமிகளைத் தீண்டத்தகாதவர்களாக வைத்திருந்தது. அவர்கள் பெயரை எழுதிவைக்க யாரும் மெனக்கெடவில்லை. இன்று அலகில் பொறித்து வருகிற பெயர்களும் பெரும்பாலும் விற்கிற கடையின் பெயர்கள். சம்மட்டி பிடித்தவர் பெயர் அங்கேயும் இருக்காது.

போஜ்பூர் என்ற சொல்லுக்கும் அதிக எடை கொடுக்காதீர்கள். கிழக்கு நேபாளத்தில் குக்ரிக்குப் பேர்போன மாவட்டம் அது. அதனாலேயே எங்கே அடித்ததையும் போஜ்பூர் என்று சொல்லி விற்பார்கள். கத்தியை வைத்துத்தான் கத்தியைப் பார்க்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

5 பிப்ரவரி

முதலில் அளவுகள். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

முதுகின் தடிமனைப் பூணை ஒட்டி எடுங்கள். பிறகு 5 செ.மீ.க்கு ஒரு தடவை, வளைவில் ஒரு தடவை, நுனிக்கு 2 செ.மீ. முன்னால் ஒரு தடவை. வயிற்றுப் பகுதியின் (வளைவைத் தாண்டி அலகு அகன்று வரும் இடம்) அகலம். உறை இல்லாமல் எடை. விரல்மேல் வைத்து நிறுத்தினால் எங்கே சமநிலை வருகிறது, பூணிலிருந்து எத்தனை செ.மீ.? வெட்டும் விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே தடிமன் எவ்வளவு? இந்தக் கடைசி எண்ணை யாரும் எடுப்பதில்லை. மரத்தில் கத்தி எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்வது அதுதான்.

7 பிப்ரவரி

நீங்கள் அனுப்பியவை: முதுகு வரிசையாக 9.0, 8.6, 8.2, வளைவில் 8.4, அடுத்து 6.5, நுனியருகே 3.5 மி.மீ. எடை 610 கிராம். வயிறு 5.2 செ.மீ. சமநிலை பூணுக்கு 7 செ.மீ. முன்னால். விளிம்புக்கு 5 மி.மீ. உள்ளே 4.4.

முதல் ஆறு எண்களைப் பாருங்கள். பூணிலிருந்து வளைவு வரை தடிமன் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது, வளைவைத் தாண்டியதும் மளமளவென்று இறங்குகிறது. இது சம்மட்டி வேலை. தடித்த தகட்டை உருவத்துக்கு வெட்டி கிரைண்டரில் இழைத்தவர் இப்படிச் செய்யமாட்டார். அப்படிச் செய்த கத்தியில் முதுகு நெடுக ஒரே 8 மி.மீ. இருக்கும், கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும் கூம்பும். தூக்கிப் பார்த்தால் இரும்புக் கம்பியைத் தூக்குகிற மாதிரி இருக்கும். வளைவில் 8.2 திரும்ப 8.4 ஆனதும் நல்ல அடையாளம். சம்மட்டியால் அடித்த அலகில் தடிமன் இப்படிக் கொஞ்சம் ஏறி இறங்கும். அதை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் விட்டிருக்கிறார்.

27 செ.மீ. அலகுக்கு 610 கிராம் சரியான எடை. சுற்றுலாக் கடைகளில் இதே நீளத்தில் 900 கிராம் வரை பார்க்கலாம். கனமாக இருந்தால் உறுதி என்று வாங்குகிறவர் நினைப்பதால் அப்படிச் செய்கிறார்கள். பழைய வேலைக் கத்திகள் பல 500-ஐ ஒட்டித்தான் இருக்கும். அரை நாள் வெட்டினால் வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும்.

4.4 தான் பிடிக்கவில்லை. கோடாலி வாய் மாதிரி இருக்கிறது. பச்சைக் கிளையில் இறங்காமல் துள்ளும். அது தீட்டிச் சரிசெய்யக் கூடியதுதான்.

7 பிப்ரவரி, பிறகு

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்திய ஆயுத விதிகளின் அட்டவணையில் ஐந்தாம் வகையில் குக்ரி என்ற பெயரே வருகிறது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால் அந்த வகை. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கென்று செய்தவை நீங்கலாக. உங்களுடையது 27 செ.மீ., 5.2 செ.மீ. இரண்டு வரம்பையும் தாண்டுகிறது. தோட்டத்தில் இருக்கட்டும். பஸ்ஸிலும் வண்டியிலும் கொண்டுபோக வேண்டாம்.

8 பிப்ரவரி

கடினம் பார்க்க. சாதாரண அரம் ஒன்றை வைத்துத் தேய்த்து "கடிக்கிறது, வழுக்குகிறது" என்று சொல்வதில் பெரிய பயன் இல்லை. நல்ல அரம் ராக்வெல் சி என்ற கடின அளவில் 62-க்கு மேல் இருக்கும். அது எந்தக் குக்ரியையும் கடிக்கும். 40, 45, 50, 55, 60, 65 என்று ஆறு அரங்கள் கொண்ட சோதனைத் தொகுதி டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். 40-ல் தொடங்கி மேலே போங்கள். வழுக்கினால் கத்தி அந்த அரத்தைவிடக் கடினம். எந்த அரம் முதலில் கடிக்கிறதோ அதற்கும் முந்தைய அரத்துக்கும் நடுவில் கத்தியின் கடினம்.

வெட்டும் விளிம்பின்மேல் தேய்க்காதீர்கள். அதற்கு 2 மி.மீ. உள்ளே, லேசாக, அரை அங்குல இழுப்பு ஒன்று போதும். நான்கு இடம்: பள்ளத்துக்கு (பூணுக்கு முன்னால் விளிம்பில் வெட்டியிருக்கும் சின்னக் குழி) அருகில், வயிற்றில், நுனியில், முதுகில்.

ஒரே எண் நான்கு இடத்திலும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வரக்கூடாது. காமி தோய்ச்சல் போடும் முறை வேறு. அலகை முழுதாகத் தொட்டியில் முக்குவதில்லை. செந்நிறமாகக் காய்ந்த அலகைக் குறட்டில் பிடித்துக்கொண்டு, டீக் கெட்டிலின் மூக்கு வழியாக வெட்டும் விளிம்பில் மட்டும் தண்ணீரை ஊற்றுவார்கள். வயிற்றில் தொடங்கி முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். தண்ணீர் பட்ட இடம் இறுகும். முதுகில் தங்கியிருக்கும் சூடு மெல்ல விளிம்புக்கு இறங்கி, இறுகியதன் முறுக்கைத் தானே கொஞ்சம் தளர்த்தும். நிறம் ஓடுவதைக் கண்ணால் பார்த்து, வேண்டிய இடத்தில் திரும்பத் தண்ணீர் காட்டி நிறுத்துவார்கள். தெர்மாமீட்டர் கிடையாது, எண்ணெய் கிடையாது. ஆகவே வயிறு மிகக் கடினம், பள்ளமும் நுனியும் அதைவிடக் குறைவு, முதுகு மென்மை. வெட்டு விழுவது வயிற்றில். அடியின் அதிர்ச்சி போவது முதுகிலும் பூணிலும். எது எங்கே வேண்டுமோ அது அங்கே இருக்கிறது.

10 பிப்ரவரி

வயிற்றிலேயே 50 அரம் கடிக்கிறதா? அப்படியானால் தோய்ச்சல் சரியில்லை. 45-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கிற விளிம்பு உலர்ந்த கட்டையில் மடங்கும். சுவரில் மாட்டுங்கள்.

11 பிப்ரவரி

நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவசரப்பட்டுவிட்டேன்.

விளிம்பு புதிதாக இருக்கும்போது எடுத்த எண்ணை நம்பக்கூடாது. இரண்டு காரணம். உலையில் திரும்பத் திரும்பக் காயும்போது எஃகின் மேல்தோலில் கரி எரிந்து போய்விடும். கால் மி.மீ. தோல் கரியிழந்திருந்தாலும் அந்தத் தோல் இறுகாது. அரம் அதைத்தான் கடிக்கிறது. இரண்டாவது, கடைசியில் மெருகு போடும் மோட்டார் சக்கரம். விளிம்பு மெல்லியது, சூடு போக இடமில்லை. 300 டிகிரியைத் தாண்டினால் நீலம் ஓடும், கடினம் இறங்கும். பிறகு பளபளப்பு ஏற்றும்போது நீலம் அழிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கத்தி கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றீர்கள். அப்போதே எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

எனவே தீட்டுங்கள். விளிம்பை அரை மி.மீ. பின்னால் கொண்டுபோக வேண்டும், 4.4-ஐயும் இறக்க வேண்டும், இரண்டும் ஒரே வேலை. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். 120 நம்பர் தண்ணீர்ப் பட்டைத்தாளை மவுஸ் பேடின்மேல் ஒட்டுங்கள். அலகைப் படுத்து, முதுகு முன்னால் போக விளிம்பு பின்னால் வர, இழுங்கள். தாளைக் கத்தி வெட்டாது. அடியில் இருக்கும் ரப்பர் நெகிழ்ந்து கொடுப்பதால் விளிம்பு தட்டையாகாமல் மாங்கொட்டை மாதிரிப் புடைத்து வரும். குக்ரிக்கு வேண்டியது அந்தப் புடைப்புதான். பக்கத்துக்குப் பத்து இழுப்பு, மாற்றி மாற்றி. முதலில் விளிம்பைத் தொடாமல் அதற்குப் பின்னால் இருக்கும் தோள்பட்டையைக் கரையுங்கள். அது இறங்கியபின் 220, 400, 800. தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். மூன்று நான்கு மணி நேர வேலை, ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை.

வயிற்றில் பக்கத்துக்கு 20 டிகிரி சுமார் இருக்கட்டும். பள்ளத்தை நெருங்கும் 4 செ.மீ. கொஞ்சம் மொத்தமாகவே இருக்கலாம்.

12 பிப்ரவரி

"55-க்குக் கீழே எந்தக் கத்தியும் குப்பை" என்று எழுதியவருக்கு: சமையலறைக் கத்திக்கு அந்தக் கணக்குச் சரி. வெட்டுக்கத்தியில் 60-க்குத் தோய்த்த விளிம்பு முடிச்சில் பட்டால் பல்லாகப் பெயர்ந்துவிடும். மடங்கிய விளிம்பைத் தோட்டத்திலேயே நிமிர்த்தலாம். பெயர்ந்ததைச் சரிசெய்ய 2 மி.மீ. எஃகைத் தேய்த்துக் கொட்ட வேண்டும். 54 முதல் 58 வரை எங்கே நின்றாலும் எனக்குச் சம்மதம்.

எஃகு எது என்று கேட்டவருக்கும் சேர்த்து: லாரியின் ஸ்பிரிங் பட்டா. நேபாளத்தில் பெரும்பகுதி அதுதான். 5160 வகைக் குரோமிய எஃகாக இருக்கலாம், இஎன் 45 மாதிரி சிலிக்கன் எஃகாகவும் இருக்கலாம். இரண்டிலும் கரி 0.5 சதவீதத்தைத் தாண்டி 0.6 சுமாருக்கு இருக்கும், இரண்டும் அடி தாங்கும். எந்த வண்டியின் பட்டா என்று விளம்பரத்தில் போடுவது விலைக்காக. ஒன்றே ஒன்று கவலைப்பட வேண்டியது: பல லட்சம் கி.மீ. ஓடிய பட்டாவில் ஏற்கெனவே மயிரிழை வெடிப்பு இருந்திருக்கலாம். அது அடிக்கும்போது மூடாது.

13 பிப்ரவரி

தீட்டுகிற இடைவெளியில் பிடியைப் பார்த்துவிடலாம். குக்ரி உடைகிறது என்றால் பெரும்பாலும் அலகில் உடைவதில்லை. பூணுக்குள்ளே, கண் எட்டாத இடத்தில், வால் (அலகிலிருந்து பிடிக்குள் போகும் இரும்பு) முறியும்.

வால் மூன்று வகை. ஒன்று, பிடியின் அகலத்துக்கே தட்டையாக ஓடி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து ரிவெட் அடித்தது; பனாவல் என்பார்கள், ராணுவத்துக்குச் செய்த கத்திகளில் பார்க்கலாம். இரண்டு, எலிவால் மாதிரிக் கூம்பி, பிடியைத் துளைத்து வெளியே வந்து, அடிமூடியில் ஒரு சின்ன வைரவடிவத் தகட்டின்மேல் அடித்து மடக்கியது. மூன்று, பிடியின் பாதியிலோ முக்காலிலோ நின்றுவிடுவது. அரக்கு மட்டும்தான் பிடித்திருக்கும். உங்கள் படத்தில் அடிமூடியில் மடக்கிய முனை தெரியவில்லை. மூன்றாவதுதான்.

எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வழி: சிறு நியோடிமியம் காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பிடியைப் படுக்கையாக வைத்து, பூணிலிருந்து அடிமூடி வரை காந்தத்தைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். கொம்பும் பித்தளையும் காந்தத்தை இழுக்காது. உள்ளே இரும்பு இருக்கும்வரை நூல் பிடிப்பக்கம் சாயும், வால் முடிந்ததும் நேராகும். பூணே காந்தத்தை ஒட்டிக்கொண்டால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. அது தனிக் கதை.

கொம்புதானா என்றும் பாருங்கள். அடிமூடியை ஒட்டி மறைவான இடத்தில் காய்ச்சிய ஊசியால் ஒரு தொடுதல். முடி கருகிய வாடை வந்தால் கொம்பு.

14 பிப்ரவரி

12 செ.மீ. பிடியில் 9 செ.மீ. வரை நூல் சாய்ந்தது என்றால் போதுமானது. பாதிக்கு மேல் போகிறது. பாதிக்குக் கீழே என்றால் விறகு பிளப்பதை மறக்கச் சொல்லியிருப்பேன். மலிவுக் கத்திகளில் அலகுக்கு வேறு மெல்லிய இரும்புக் கம்பியை வெல்டு வைத்து வால் ஆக்குவார்கள், காந்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதை மரம் வெட்டிப் பார்க்கும்போதுதான் பிடிக்க முடியும். அதற்குப் பிறகு வருவோம்.

17 பிப்ரவரி

தீட்டியபின் எண்கள்: வயிற்றில் 55 வழுக்குகிறது, 60 கடிக்கிறது. நுனியில் 45 வழுக்கி 50 கடிக்கிறது. பள்ளத்தருகே 40 வழுக்கி 45 கடிக்கிறது. முதுகில் 40-ஏ கடிக்கிறது. விளிம்புக்கு 5 மி.மீ. உள்ளே 3.6.

இது அருமையான தோய்ச்சல். 10-ஆம் தேதிக் குறிப்பைப் படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கத்தியில் ஒரு குறையும் இல்லை, குறை மேல்தோலில் இருந்தது. புதிய குக்ரியை முதல் வாரத்தில் "மென்மை" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் எத்தனை நல்ல கத்தியை அப்படி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது கெட்டில் ஓடிய கோட்டைக் கண்ணால் பார்ப்பது. அலகை 800 தாளில் ஒரே திசையில் இழைத்து, சோப்பில் கழுவி எண்ணெய்ப்பசை போக்குங்கள். வெள்ளை வினிகரைச் சூடாக்கிப் பஞ்சில் தொட்டு, விளிம்பிலிருந்து 3 செ.மீ. அகலத்துக்குத் திரும்பத் திரும்பப் பூசுங்கள், 20 நிமிடம். இறுகிய பகுதி ஒரு சாம்பல் நிறமாகவும் இறுகாத பகுதி வேறு சாம்பலாகவும் பிரியும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடு இன்னும் தெளிவாகக் காட்டும். பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, கையுறையோடு. முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய்.

17 பிப்ரவரி, பத்து நிமிடம் கழித்து

முக்கியம்: பூணுக்கு 3 செ.மீ. முன்னாலேயே நிறுத்துங்கள். புளிப்பு பூணுக்குள் இறங்கினால் வாலை உள்ளிருந்து தின்னும். அலகை நட்டுக்குத்தலாக முக்குவதும் கூடாது.

19 பிப்ரவரி

படம் பார்த்தேன். பள்ளத்துக்கு 4 செ.மீ. தள்ளித் தொடங்கி, அலை அலையாக ஏறி, வயிற்றில் 12 மி.மீ. உயரம் தொட்டு, நுனிக்கு 3 செ.மீ. முன்னால் இறங்கி முடிகிறது. வயிற்றில் கோடு ஒரு இடத்தில் திடீரென்று மேலே துள்ளியிருக்கிறது பாருங்கள், அங்கேதான் தண்ணீர் முதலில் விழுந்தது. கெட்டிலைச் சாய்த்த கை அங்கே ஒரு கணம் நின்றிருக்கிறது. முத்திரை கேட்டீர்களே, இதைவிட நெருக்கமாக அந்த மனிதரைப் பார்க்க முடியாது. இன்னொருவர் ஊற்றினால் கோடு வேறு மாதிரி ஓடியிருக்கும்.

அதே படத்தில் ஒன்று உறுத்துகிறது. பள்ளத்தின் மேல் மூலையிலிருந்து முதுகை நோக்கி 3 மி.மீ. நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. பள்ளம்தான் குக்ரியில் அழுத்தம் கூடுகிற இடம். மூலை கூராக அறுத்திருந்தால் தோய்ச்சலின்போதே வெடிக்கும்.

மண்ணெண்ணெய்ச் சோதனை செய்யுங்கள். அந்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் ஈரம் குறையாமல் வைத்திருங்கள். பிறகு சுத்தமான துணியால், பிசுக்கு போகும்வரை, துடையுங்கள். சாக்பீஸைப் பொடித்து ஸ்பிரிட்டில் குழைத்து மெல்லிய பூச்சாகத் தடவிக் காயவிடுங்கள். உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் பத்து நிமிடத்தில் வெள்ளைமேல் கசிந்து வரும். வெடிப்பு என்றால் மெல்லிய, கூர்மையான, நீளமான கோடு. மேலோட்டமான மடிப்பு என்றால் கசிவு வராது, வந்தாலும் திட்டாக வரும்.

விளிம்பு நெடுகவும் செய்துவிடுங்கள். தண்ணீர்த் தோய்ச்சலில் வரும் வெடிப்பு விளிம்புக்குக் குறுக்காக, ஒன்றிரண்டு மி.மீ. நீளத்தில் இருக்கும். ஒன்று இருந்தாலும் அந்தக் கத்தியால் வெட்டக்கூடாது. தீட்டி எடுத்துவிடலாம் என்று சொல்வார்கள். உள்ளே எதுவரை போயிருக்கிறது என்பது வெளியே தெரியாது.

20 பிப்ரவரி

பள்ளம் எதற்கு என்று கேட்டீர்கள். பசுவின் குளம்பு, சிவனின் திரிசூலம், ரத்தம் பிடிக்கு வழியாமல் இருக்க, இப்படிப் பல விளக்கங்கள் சொல்வார்கள். எதற்கும் உறுதியான சான்று இல்லை. கத்தியைப் பார்த்தால் தெரிகிற பயன்: விளிம்பு அங்கே முடிகிறது, தீட்டும்போது கல் பூணில் மோதாது. உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் காட்டாமல் திரும்ப வைக்கக்கூடாது என்பது வெறும் கதை. காலையில் விறகு பிளந்து, பகலில் காய்கறி நறுக்குகிற கத்தி அது.

முதுகில் தேவநாகரி எழுத்து இருந்தால் செய்தவர் பெயர் என்று நினைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பழைய ராணுவக் கத்திகளில் அது பெரும்பாலும் படைப்பிரிவின் அடையாளமும் இருப்பு எண்ணும். 2003-ல் காத்மாண்டு லகன் சிலேகானா ஆயுதக் கிடங்கிலிருந்து அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிப்போன குக்ரிகளில் அப்படிப்பட்ட எழுத்துகள் ஏராளம்.

21 பிப்ரவரி

கசிவே இல்லை, நகத்தில் தட்டுகிறது, ஆழமில்லை என்கிறீர்கள். அப்படியானால் அது அடிக்கும்போது செதில் உள்ளே மடிந்த தடம். வட்ட அரத்தால் அந்த மூலையை வழவழவென்று உருட்டிவிடுங்கள், அரை மி.மீ. எடுத்தால் போதும். கூர்மூலை இல்லாமல் போனால் நாளைக்கு அங்கே வெடிப்பு தொடங்கக் காரணம் இருக்காது.

23 பிப்ரவரி

இனி வெட்டலாம். வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் கட்டைவிரல் மொத்தப் பச்சைக் கிளை, 50 வெட்டு. நிறுத்தி, பூணைக் காதருகே வைத்து அலகை விரலால் தட்டுங்கள். சத்தம் திண்ணென்று இருக்க வேண்டும். உள்ளே கலகலத்தால் அரக்கு விட்டுவிட்டது. பிறகு மணிக்கட்டு மொத்த உலர்ந்த வேம்பு, 50. விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மேலிருந்து பாருங்கள். சரியான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. வெள்ளைப் புள்ளி மின்னினால் மடங்கியிருக்கிறது. நகத்தை விளிம்பில் ஓட்டினால் தடுக்கினால் பெயர்ந்திருக்கிறது. கடைசியாக வேலிக்கருவை முடிச்சு, 20. எல்லா வெட்டும் வயிற்றில் விழட்டும்.

மடங்கினால் தவறில்லை, சக்மக்கால் (உறையில் இருக்கும் மழுங்கல் சின்னக் கத்தி) நிமிர்த்தலாம். பெயர்ந்தால் எவ்வளவு பெயர்ந்தது என்று எழுதுங்கள்.

கால்கள் அகலமாக, வெட்டும் கட்டை உடம்புக்கு நேர் எதிரே இல்லாமல் வலப்பக்கம். தவறிப்போன வீச்சு முழங்காலுக்கு வரக்கூடாது. எதிரில் யாரும் நிற்கக்கூடாது. பிடி கழன்றால் அலகு நேரே முன்னால் பறக்கும். வெல்டு வைத்த வால் என்றால் அது இந்த 120 வெட்டுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

குக்ரியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்க வேண்டாம். வீடியோக்களில் செய்வார்கள். அலகு தாங்கும், அரக்கு தாங்காது. வைஸில் மாட்டி வளைத்துப் பார்ப்பதும் வேண்டாம். முதுகு மென்மை என்று தெரிந்தாயிற்று, வளைத்தால் வளைந்தே நிற்கும்.

பிடியில் இருக்கும் நடுவளையம் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே உட்கார வேண்டும். அரிவாள் பழகிய கை அதைப் பின்னால் தள்ளிப் பிடிக்கும், அரை மணியில் கொப்புளம் வரும்.

24 பிப்ரவரி

உறையிலிருந்து உருவும் முறையை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், தாமதம் என் தவறு. உறை இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்து மேலே தோல் போர்த்தியது. விளிம்பு ஓடும் பக்கத்தில் அந்தச் சேர்ப்பைக் கத்தி காலப்போக்கில் அறுத்துவிடும். இடக்கையால் உறையைச் சுற்றிப் பிடித்து உருவினால் நான்கு விரலும் அந்தச் சேர்ப்பின்மேல் இருக்கும். விரல்களை முதுகுப்பக்கமும் தட்டையான பக்கமும் மட்டும் வையுங்கள். முதுகை உறையின் முதுகில் அழுத்தியபடியே வெளியே எடுங்கள், உள்ளே விடும்போதும் அப்படியே.

உறைக்குள் வைத்து மாதக்கணக்கில் விடக்கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பு துருவைக் கொண்டுவரும். எண்ணெய் தடவித் தனியாக வையுங்கள்.

சின்னக் கத்திகள் பற்றி: கூருள்ளது கர்தா, மழுங்கல் சக்மக். சக்மக்கை வெங்கச்சாங்கல் விளிம்பில் வேகமாக உரசிப் பாருங்கள். பொறி பறந்தால் அதையும் காமி தோய்த்திருக்கிறார். விற்பனைக்கென்று செய்த உறைகளில் இந்த இரண்டும் வெறும் இரும்பாக, அழகுக்கு இருக்கும்.

27 பிப்ரவரி

பொறி பறந்தது, வேம்பில் ஒரு மடங்கலும் இல்லை, வேலிக்கருவையில் வயிற்றில் ஒரு இடத்தில் 2 மி.மீ. நீளத்துக்கு மடங்கி சக்மக்கில் நிமிர்ந்தது. இதற்கு மேல் எந்தக் கத்தியிடமும் கேட்க மாட்டேன். பெயருள்ள கம்பெனிக் கத்திகளில் பாதி இந்த வரிசையைத் தாண்டாது.

80-ஆவது வெட்டுக்குப் பிறகு பிடி லேசாக ஆடுகிறது என்றீர்கள். பயப்பட வேண்டாம். அரக்கு உதிர்ந்திருக்கிறது. காத்மாண்டுக் குளிரில் ஊற்றிய அரக்கு நம் ஊர் வெயிலில், அதுவும் காரின் டிக்கியில் கிடந்தால், இளகிவிடும். கொம்பும் சுருங்கும். திரும்ப ஊற்றலாம்.

1 மார்ச்

அரக்கு மாற்றும் விதம். எபாக்ஸி ஊற்றலாம், பிடிக்கும். ஆனால் அடுத்த தடவை கொம்பை உடைத்துத்தான் கழற்ற வேண்டும். அரக்கு சூட்டுக்கு வழிவிடும், இன்னும் ஐம்பது வருடம் கழித்து வேறொருவர் கழற்றுவார்.

கழற்ற: கேஸ் அடுப்பில் அலகைக் காட்டாதீர்கள். வயிற்றின் தோய்ச்சல் 200 டிகிரியைத் தாண்டினால் இறங்கத் தொடங்கும். பிடியை மட்டும் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, கொதி அடங்கிய வெந்நீரில் 15 நிமிடம் வையுங்கள். வெந்நீர் 100-ஐத் தாண்டாது, தோய்ச்சலுக்கு ஆபத்தில்லை. தடித்த துணியால் அலகை நான்கு சுற்றுச் சுற்றிப் பிடித்து, பிடியை நேராக இழுங்கள். திருகினால் கொம்பு பிளக்கும்.

வாலைச் சுரண்டிப் பாருங்கள். துரு செதில்செதிலாக இருந்தால் முழுக்க எடுங்கள். வெல்டு இருந்தால் பூணுக்குக் கீழே ஒரு புடைப்பாகத் தெரியும், படம் போடுங்கள்.

அரக்கு இரண்டு பங்கு, துணியில் சலித்த செங்கல் பொடி ஒரு பங்கு. நகைப்பட்டறையில் செய்கிற அதே கலவை. வெறும் அரக்கு கண்ணாடி மாதிரி, அடி விழுந்தால் நொறுங்கும். செங்கல் பொடி அதைக் கட்டும். உடைத்துத் துகளாக்கி, பிடியின் துளையில் முக்கால்வரை நிரப்புங்கள். அலகு முழுவதையும் ஈரத்துணியால் சுற்றிவிட்டு, வாலின் கடைக்கோடியை மட்டும் ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். அரக்கைத் தொட்டால் உருகி இழைய வேண்டும், புகையக்கூடாது. புகைந்தால் அரக்கு கருகி, பிடிப்பு போய்விடும். ஒரே தள்ளில் பூண்வரை இறக்கி, அலகும் பிடியும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று முதுகுப்பக்கமிருந்து பார்த்துச் சரிசெய்யுங்கள். அதற்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். பிதுங்கி வரும் அரக்கை ஆறியபின் உளியால் சீவலாம்.

3 மார்ச்

வாலில் வெல்டு இல்லை, அலகோடு ஒரே இரும்பாக இழுத்து அடித்திருக்கிறது. முனையில் சம்மட்டித் தடம்கூடப் படத்தில் தெரிகிறது.

துளைக்குள் ஈரம் இருப்பதாகத் தெரிகிறது. பாலித்தீன் ஓட்டையாகியிருக்கும். இப்போதே அரக்கு ஊற்ற வேண்டாம். ஈரக் கொம்பில் ஒட்டாது, ஒட்டினாலும் கொம்பு காய்ந்து சுருங்கும்போது விடும். பிடியை நிழலில், காற்றோட்டத்தில், ஒரு வாரம் தனியாக வையுங்கள். வெயிலில் வைத்தால் பிளக்கும். வாலுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும், ஊற்றுகிற அன்று ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம்.